பிரேக் டிஸ்க்: வாங்கும் முன் அளத்தல்

காரின் முன்சக்கரத்துக்கு உட்புறமாக, ஹப் எனப்படும் சக்கரக் குடத்தில் பொருந்தி, சக்கரத்தோடு சேர்ந்தே சுழலும் வார்ப்பிரும்புத் தட்டுக்குப் பிரேக் டிஸ்க் என்று பெயர். உற்பத்தியாளர்களின் விலைப்பட்டியலில் இதுவே ரோட்டார் என்றும் இடம்பெறும். புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி ஒர்க்‌ஷாப்புகளில் வெறுமனே டிஸ்க் என்றாலே போதும். ஓட்டுநர் பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பர் என்னும் கவ்வியை இயக்க, அக்கவ்வி தன்னிடமுள்ள இரண்டு பேட்களை, அதாவது உராய்வுப் பொருள் ஒட்டப்பட்ட எஃகுத் தகடுகளை, சுழலும் டிஸ்க்கின் இரு முகங்களிலும் வைத்து நெருக்குகிறது. வண்டியின் ஓட்ட ஆற்றல் அந்த உராய்வில் வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பத்தை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு சிறிது சிறிதாகக் காற்றில் விடுவதே டிஸ்க்கின் வேலை. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் இருப்பதால், இவ்வியல் முன்சக்கர டிஸ்க்கைப் பற்றியே பேசுகிறது.

டிஸ்க் எவ்வளவு வெப்பத்தைத் தாங்க வேண்டியிருக்கும் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். இக்கணக்கைத் தெரிந்துவைத்திருப்பவரின் தலையில் தேவையற்ற பொருளைக் கட்டுவது எளிதன்று. ஆட்களையும் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 300 கிலோஜூல். கீரனூர் தாண்டித் திருச்சி சாலையில் அந்த வேகத்தில் போகும் வண்டி, குறுக்கே வந்த ஆட்டு மந்தைக்காக முழுவதுமாக நிற்கிறது என்று கொள்வோம். நிறுத்தும் சுமையில் சுமார் 70 விழுக்காட்டை முன்சக்கரங்கள் ஏற்கும். எனவே ஒவ்வொரு முன் டிஸ்க்குக்கும் ஏறக்குறைய 105 கிலோஜூல் வந்து சேரும். டிஸ்க்கின் எடை 5 கிலோ என்றால், அதன் வெப்பநிலை அந்த ஒரு நிறுத்தத்தில் 45 பாகை செல்சியஸ் அளவுக்கே உயரும். சித்திரை வெயிலில் அது ஏற்கெனவே சூடாக இருந்தாலும், வார்ப்பிரும்புக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

அதே கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படுத்தும் ஆற்றலோ ஏறத்தாழ 11,800 கிலோஜூல். அது 80 கி.மீ. வேகத்திலிருந்து இடைவெளியின்றி நாற்பது முறை நிறுத்துவதற்குச் சமம். கீழ் கியரில் எஞ்சினின் பிடிப்பு அதில் ஒரு பெரும் பங்கைச் சுமக்காவிட்டால், பெரும்பகுதி டிஸ்க்கின் மேல்தான் விழும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் வாராவாரம் இறங்கும் வண்டிக்கும், கந்தர்வகோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஓடும் வண்டிக்கும் டிஸ்க் விஷயத்தில் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சமவெளி. நார்த்தாமலையும் குடுமியான்மலையும் சாலை ஏறி இறங்கும் மலைகள் அல்ல, சாலை ஒதுங்கிச் செல்லும் குன்றுகள். ஆகவே இங்கு டிஸ்க்கின் ஆயுளைக் குறைப்பவை வெப்பத்தைக் காட்டிலும் புழுதி, உப்புக் காற்று, வண்டி ஓடாமல் நிற்றல், சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதில் கவனக்குறைவு ஆகிய நான்குமே. மாற்று டிஸ்க்கைத் தேர்வதும் இந்த நான்கை மனத்தில் வைத்தே நடக்க வேண்டும்.

மாற்றத்தான் வேண்டுமா?

பேட் தேய்ந்துவிட்டது என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் வண்டிக்கு டிஸ்க்கையும் மாற்றச் சொல்லும் பழக்கம் ஒரு பக்கம் இருக்கிறது. எத்தனை ஆண்டு ஓடினாலும் டிஸ்க்கைத் திரும்பிப் பார்க்காத பழக்கம் மறுபக்கம் இருக்கிறது. இரண்டுமே அளக்காமல் எடுக்கும் முடிவுகள். வாடகைக் கார்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்கு நிற்கின்றன; சொந்தப் பயன்பாட்டுக்கான காருக்கோ பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள் முடியும்வரை அத்தகைய சோதனை கிடையாது. அந்த 15 ஆண்டுகளில் டிஸ்க்கின் கனத்தைப் பார்க்கச் சட்டம் யாரையும் அனுப்பாது என்பதால், அந்தப் பொறுப்பு உரிமையாளருடையதாகிறது.

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் குறைந்தபட்சக் கனம் என்று ஓர் அளவு உண்டு. அதற்குக் கீழே தேய்ந்த டிஸ்க்கைப் பயன்படுத்தக் கூடாது. மினிமம் திக்னெஸ் என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தோடு இந்த அளவு பெரும்பாலும் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக் கிண்ணப் பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் எழுத்து தெரியும். சிறிய கார்களில் இது புதிய டிஸ்க்கின் கனத்தைவிடச் சுமார் 2 மி.மீ. குறைவாக இருப்பது வழக்கம். அந்த 2 மி.மீ. என்பது இரு முகங்களுக்கும் சேர்த்துத்தான். ஒரு முகத்துக்குக் கிடைப்பது ஒரே மில்லிமீட்டர். கனம் குறைந்த டிஸ்க்கில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இரும்பு குறைவதால் அது விரைவில் சூடேறும். காலிப்பரின் பிஸ்டனும் வழக்கத்தைவிட வெளியே நீண்டு நிற்கும். பேட்டும் அப்போது தேய்ந்திருந்தால் பிஸ்டன் தன் இருக்கையைவிட்டு நழுவும் நிலைகூட வரலாம்.

அளப்பதற்கு மைக்ரோமீட்டரே ஏற்ற கருவி. வெர்னியர் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கிடைக்கும் என்றாலும், அதில் ஒரு பொறி இருக்கிறது: பேட் தொடாத வெளிவிளிம்பு தேயாமல் ஒரு வரப்பைப் போல் உயர்ந்து நிற்கும், வெர்னியரின் தாடைகள் அந்த வரப்பின் மேல் உட்கார்ந்தால், தேய்ந்து போன டிஸ்க்கும் புத்தம் புதியதாகக் கணக்குக் காட்டும். விளிம்பிலிருந்து ஏறத்தாழ 10 மி.மீ. உள்ளே தள்ளி, வட்டத்தைச் சுற்றி ஆறு முதல் எட்டு இடங்களில் அளந்து, அவற்றுள் மிகச் சிறிய அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். அந்த அளவு குறைந்தபட்சத்தைத் தொட்டிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. குறைந்தபட்சத்தைவிட அரை மி.மீ.க்கும் குறைவாகவே மிச்சம் இருந்து, பேட்டும் புதிதாகப் போடப்படுகிறது என்றால், அப்போதே டிஸ்க்கையும் மாற்றிவிடுவது நல்லது. புதிய பேட் தேய்ந்து முடியும் முன்னரே டிஸ்க் எல்லையைத் தாண்டிவிடும் வாய்ப்பு அதில் இருக்கிறது.

பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால், டிஸ்க் பெண்டாகிவிட்டது என்று சொல்வது தொழில் வழக்கு. உண்மையில் சாதாரண ஓட்டத்தில் டிஸ்க் அப்பளம்போல் வளைவது அரிது. நடக்கும் சங்கதி வேறு. டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் மிகச் சிறிதளவு அசைந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேட்டில் உரசி உரசித் தேய்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு வட்டத்தின் ஒரு பகுதி மெலிந்தும் மறுபகுதி தடித்தும் போகிறது. தடித்த பகுதி பேட்களுக்கு இடையே நுழையும்போதெல்லாம் பெடலும் ஸ்டியரிங்கும் துடிக்கின்றன. பக்கவாட்டு அசைவு பல கார்களில் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வரையறுக்கிறார்கள். கன வேறுபாடோ 0.02 மி.மீ. அளவுக்கு வந்தாலே கையில் உணரப்படும். தலைமுடியின் பருமனை ஒட்டிய நுண்ணளவுகள் இவை. கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல யாராலும் இயலாது. காந்த அடியோடு கூடிய டயல் கேஜைத் தாங்கியில் பொருத்தி, அதன் முனையை டிஸ்க்கில் வைத்துச் சுழற்றிப் பார்ப்பதே வழி.

இந்த அசைவு பெரும்பாலும் டிஸ்க்கில் பிறப்பதில்லை. ஹப்பின் முகத்தில் படிந்த துருத் துணுக்கு ஒன்று டிஸ்க்குக்கு அடியில் மாட்டிக்கொண்டாலோ, பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் வீல் நட்டுகளை ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் முடுக்கியிருந்தாலோ டிஸ்க் சாய்ந்து உட்காரும். அப்படிப்பட்ட வண்டிக்குப் புது டிஸ்க் போட்டால் நடுக்கம் சில மாதங்கள் ஓய்ந்துவிட்டுத் திரும்ப வரும். பழி புது டிஸ்க்கின் மேல் விழும். எனவே நடுக்கம் ஒன்றை மட்டும் காரணமாகக் கொண்டு டிஸ்க் வாங்கக் கிளம்புவதற்கு முன், சக்கரத்தையும் டிஸ்க்கையும் கழற்றி ஹப்பின் முகத்தைத் தேய்த்துத் துடைத்து, மறுபடி மாட்டி, டயல் கேஜில் பார்த்துவிட வேண்டும்.

அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடிப் பகுதிகளில் குடும்பத் தலைவர் சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ வேலையில் இருக்க, வீட்டில் மாதக்கணக்கில் நிற்கும் கார்கள் உண்டு. நின்ற இடத்தில் பேட் ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் ஈரம் தங்கி, டிஸ்க்கில் பேட்டின் வடிவிலேயே துரு பதியும். மழை பெய்த மறுநாள் காலையில் டிஸ்க்கில் தெரியும் செந்நிறப் பூச்சு வேறு, இது வேறு: முன்னது நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் துடைத்தாற்போல் போய்விடும், பின்னது குழியாக அரித்திருந்தால் போகாது. குழி விழுந்த டிஸ்க் பேட்டை அரம்போல் அராவும். நிறுத்தி வைக்கும் வண்டியை வாரம் ஒரு முறை தெருமுனை வரையாவது ஓட்டிப் பிரேக்கை நாலு முறை மிதித்துத் திரும்புமாறு வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவைப்பது, டிஸ்க் வாங்குவதைவிட மலிவானது.

கல் குவாரிகளுக்கும் கிரஷர்களுக்கும் அருகில் ஓடும் வண்டிகளின் டிஸ்க்கில் வட்டக் கோடுகள் விழுவது இயல்பு. கருங்கல் துகள் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் சிக்கி உழுதுவிட்டுப் போகிறது. கோடு இருப்பதாலேயே டிஸ்க் கெட்டுவிட்டதாகாது. நகத்தை வைத்து இழுத்தால் சிக்காத கோடுகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை; சிக்கும் கோடுகள் இருந்தால், அவற்றின் அடிவரை கடைந்தாலும் குறைந்தபட்சக் கனம் மிஞ்சுமா என்று பார்க்க வேண்டும். விரிசல் மட்டும் இந்தக் கணக்குகளுக்கு உட்பட்டதன்று. அது வெளிவிளிம்பைத் தொட்டிருந்தால் வண்டியை அங்கிருந்து ஓட்டிச் செல்லவே கூடாது.

லேத்தில் கடைந்து முகத்தைச் சமன்செய்வது முறையான வேலைதான். ஆனால் எல்லா டிஸ்க்குக்கும் அது பொருந்தாது. பொது வேலைகளுக்கான லேத்தில் ஒரு முகத்தைக் கடைந்துவிட்டுத் திருப்பிப் பிடித்து மறுமுகத்தைக் கடைந்தால், இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக அமைவது பிடிப்பவரின் கைப்பக்குவத்தைப் பொறுத்தது, அதில் 0.02 மி.மீ. பிழைத்தாலும் பழைய நடுக்கமே திரும்பும். இரு முகங்களையும் ஒரே பிடிப்பில் கடையும் கருவியோ, டிஸ்க்கை ஹப்பிலேயே வைத்துக் கடையும் கருவியோ இருந்தால், கனமான டிஸ்க்குகளுக்கு அது பயன் தரும். சிறிய காரின் மெல்லிய டிஸ்க்கில் கடைவதற்கே இரும்பு மிச்சமிராது. அதற்குச் செலவழிக்கும் கூலி வீண்.

இரும்பும் வார்ப்பும்

பிரேக் டிஸ்க் சாம்பல் வார்ப்பிரும்பால் ஆனது. இந்த இரும்பின் உள்ளே கரி, கிராபைட் என்னும் மென்செதில்களாகப் பரவியிருக்கிறது. உடைத்துப் பார்த்தால் உடைந்த முகம் சாம்பல் நிறமாகத் தெரிவதால் இப்பெயர். அச்செதில்கள் இரு வேலைகளைச் செய்கின்றன: வெப்பத்தை உராயும் முகத்திலிருந்து உள்ளே கடத்துகின்றன, அதிர்வை விழுங்கிக்கொண்டு பிரேக்கின் கிறீச்சொலியைக் குறைக்கின்றன. எஃகுத் தகடு இதைவிட வலிமையானது என்றாலும் இந்த இரு குணங்களிலும் வார்ப்பிரும்புக்கு ஈடாகாது. கோயில் மணியை வார்ப்பவருக்கு வேண்டிய குணத்துக்கு நேர் எதிரான குணமே பிரேக் டிஸ்க்குக்கு வேண்டும் எனலாம். சாம்பல் வார்ப்பிரும்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 210. அதில் எஃப்.ஜி. 200, எஃப்.ஜி. 260 என்று வரும் எண்கள், அந்த இரும்பு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும் என்பதைக் குறிப்பவை. எண் கூடக்கூட டிஸ்க் சிறக்கும் என்று இதற்குப் பொருளில்லை. வலிமையைக் கூட்டக் கரியைக் குறைத்தால் வெப்பத்தைக் கடத்தும் திறன் குறையும்.

கடையில் நிற்பவரால் இரும்பின் உட்கூறைச் சோதிக்க முடியாது. ஆகவே டிஸ்க்கை வார்த்தவர் யார் என்பதே அவருக்கு எட்டும் ஒரே சான்று. தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் தொலைவில் தேட வேண்டியதில்லை. சென்னை பாடியில் 1962இல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் சோளிங்கரில் வைத்திருக்கும் வார்ப்பாலை, தர மேலாண்மைக்கு ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 2003இல் பெற்றது. இந்நிறுவனத்தின் பிரேக் பாகங்கள் கடைகளில் நெடுங்காலமாக டிவிஎஸ் கர்லிங் என்ற பெயரில் அறியப்பட்டவை. இந்நிறுவனம் பிறந்த டிவிஎஸ் குழுமத்தின் வேர் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது என்பது இம்மாவட்டத்தார் பலர் மறந்த செய்தி: டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1910களில் பேருந்து ஓட்டத் தொடங்கியபோது, தஞ்சாவூர்–புதுக்கோட்டைத் தடம் அவருடைய தொடக்கத் தடங்களுள் ஒன்று. இப்பெருமைக்காக ஒருவர் அந்தப் பெட்டியைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கார் நிறுவனத்தின் சொந்த முத்திரையோடு வரும் டிஸ்க்கும், பெயர் பெற்ற வேறு பிரேக் உற்பத்தியாளரின் டிஸ்க்கும் அன்றாடக் காருக்குச் சமமாகவே உழைக்கும். வார்த்தவர் பெயரே இல்லாத டிஸ்க்கை வாங்குவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

அமைப்பில் டிஸ்க் இருவகை. ஒரே தட்டாக இருப்பது திண் டிஸ்க். இரு தட்டுகளுக்கு நடுவே சிறு தடுப்புகளால் காற்று வழி விட்டிருப்பது வென்டிலேட்டட் டிஸ்க். எடை குறைந்த கார்களுக்கு முன்னதும் சற்றுப் பெரிய கார்களுக்குப் பின்னதும் பொருத்தப்படுகின்றன. திண் டிஸ்க் இருந்த இடத்தில் காற்று வழி டிஸ்க்கைப் போட்டுத் தரத்தை உயர்த்தலாம் என்று எண்ணுவோர் உண்டு. பின்னது பெரிதும் கனமானது என்பதால் காலிப்பரின் இடைவெளிக்குள் அது நுழையாது. எது இருந்ததோ அதுவே மீண்டும் வர வேண்டும்.

துளையிட்ட டிஸ்க்குகளும் வரிப்பள்ளம் வெட்டிய டிஸ்க்குகளும் அலாய் சக்கரத்தின் இடுக்கில் அழகாகத் தெரியும். பழைய காலத்துப் பேட்கள் கடும் சூட்டில் வெளிவிட்ட வாயு வெளியேறுவதற்காகப் பந்தயக் கார்களில் தோன்றிய வழக்கம் அது. இன்றைய பேட்களில் அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. துளையிடுவதால் டிஸ்க்கின் எடை, அதாவது வெப்பத்தை வாங்கும் இரும்பு, குறைகிறது. மலிவான வார்ப்பில் துளையின் ஓரத்திலிருந்தே விரிசல் கிளம்புகிறது. கிரஷர் புழுதி படியும் சாலைகளில் அத்துளைகள் துகள்களால் அடைபடுகின்றன. வரிப்பள்ளம் பேட்டை விரைவில் தின்கிறது, ஒலியும் எழுப்புகிறது. மேலே கண்ட 45 பாகைக் கணக்கை நினைவில் வைத்தால், விராலிமலைக்கும் பொன்னமராவதிக்கும் போய்வரும் குடும்பக் காருக்கு இவற்றால் வரும் நன்மை கண்ணுக்குத் தெரியும் அழகோடு முடிந்துவிடுகிறது என்பது புலப்படும்.

கூடுதலாகப் பணம் கொடுக்கத் தகுந்த ஒரே சிறப்பு துருத் தடுப்புப் பூச்சுதான்; அதுவும் எல்லோருக்கும் அன்று. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எனக் கிழக்குக் கடற்கரைச் சாலை தொட்டுச் செல்லும் ஊர்களில் காற்றில் உப்பு இருக்கிறது; உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பின் அரிப்பை முடுக்கிவிடும். பக்கத்து மாவட்டத்துக் காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தியாவின் உலோக அரிப்பு வரைபடத்தை உருவாக்கிய நிறுவனம் என்பதும், அரிப்பைச் சோதிக்க அது மண்டபம் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தது என்பதும் இக்கரையோரக் காற்றின் குணத்துக்குப் போதிய சாட்சி. துத்தநாகச் செதில் கலந்த சாம்பல் நிறப் பூச்சு உள்ள டிஸ்க்கில், உராயும் முகத்திலுள்ள பூச்சு முதல் சில கிலோமீட்டரிலேயே தேய்ந்துபோகும். ஆனால் நடுக் கிண்ணம், வெளிவிளிம்பு, காற்று வழித் தடுப்புகள், ஹப்பைத் தொடும் முகம் ஆகியவற்றில் அது தங்கி நின்று காக்கும். ஹப்போடு டிஸ்க் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை சுத்தியலால் அடித்துக் கழற்றும் நிலை வராமல் தடுப்பது இப்பூச்சே. குளத்தூர், இலுப்பூர்ப் பக்கத்து வண்டிக்கு எண்ணெய் பூசி வரும் சாதாரண டிஸ்க்கே போதும்.

கடையில்

மாடல் பெயரைச் சொல்லி டிஸ்க் கேட்பது பாதி விவரத்தோடு மருந்து கேட்பதைப் போன்றது. ஒரே பெயரில் ஓடும் காரின் வெவ்வேறு ஆண்டு வண்டிகளிலும், பெட்ரோல், டீசல் வகைகளிலும் டிஸ்க்கின் விட்டமும் கனமும் மாறியிருக்கலாம். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானதால், அந்த எல்லைக்கு முன்னும் பின்னும் தயாரான வண்டிகளுக்கு உதிரிபாக எண்ணைத் தனித்தனியே சரிபார்ப்பது நல்லது. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் கார் நிறுவனத்தின் உதிரிபாகப் பிரிவு சரியான எண்ணைச் சொல்லிவிடும். பிற நிறுவன டிஸ்க் வாங்குவதாக இருந்தாலும், அவர்களுடைய பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே நிற்பது எது என்று பார்த்தே வாங்க வேண்டும். புதுக்கோட்டைக் கடையில் இருப்பு இல்லாமல் திருச்சியிலிருந்து வர ஒரு நாள் ஆகும் என்றால், அந்த ஒரு நாள் காத்திருப்பதே முறை. இதுவும் பொருந்தும் என்று நீட்டப்படும் டிஸ்க் போல்ட் துளைகளில் பொருந்திவிடலாம். ஆனால் நடுக் கிண்ணத்தின் உயரம் 2 மி.மீ. மாறினாலும், காலிப்பருக்கு நடுவே ஓட வேண்டிய தட்டு ஒரு பக்கம் ஒதுங்கி ஓடும்.

பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பார்ப்பதில் கூச்சம் வேண்டியதில்லை. பழைய டிஸ்க் கையோடு இருந்தால் விட்டம், கிண்ண உயரம், நடுத்துளை, போல்ட் துளைகள் ஆகியவற்றை ஒப்பிடலாம். இரண்டு புதிய டிஸ்க்குகளையும் கடைத் தராசில் தனித்தனியே வைத்துப் பார்ப்பது எளிய சோதனை: ஒரே வார்ப்பில் வந்த ஜோடிக்குள் எடை குறிப்பிடத்தக்க அளவு மாறுமானால், ஏதோ ஒன்று சரியில்லை. காற்று வழிகளில் வார்ப்பு மணல் அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். விளிம்பில் பிறைபோல் ஓர் இடம் செதுக்கப்பட்டிருந்தால் அது குறையன்று. சுழலும்போது எடை சமமாக இருப்பதற்காக ஆலையிலேயே எடுக்கப்பட்ட பகுதி அது. குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்படாத டிஸ்க்கை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடலாம். எந்த அளவில் தன்னைத் தூக்கியெறிய வேண்டும் என்று சொல்லாத பொருளை நம்புவதற்கில்லை.

டிஸ்க்கை இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் தேய்ந்ததுமாக இருந்தால் பிடிப்பு வேறுபட்டு, அவசரத்தில் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பேட்டும் உடன் மாற வேண்டும். பழைய டிஸ்க்கின் கோடுகளுக்கு ஏற்பத் தேய்ந்த பேட், புதிய சமமுகத்தை முழுவதுமாகத் தொடாது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பில் கேட்டு வாங்க வேண்டும்; 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாக ஒரே சீராக்கப்பட்டிருப்பதால், அதற்கு முன் அச்சான விலை ஒட்டியுள்ள பெட்டியில் விலையை விசாரித்துக்கொள்வது தகும்.

பொருத்தும் இடத்தில்

நல்ல டிஸ்க்கை வாங்கிப் பொருத்துவதில் தவறுவது இங்கே மிகுதி. ஹப்பின் முகத்தை, போல்ட்டுகளைச் சுற்றியுள்ள மூலைகள் உட்பட, கம்பித் தூரிகையாலும் எமரித் தாளாலும் உலோகம் பளிச்சிடும்வரை தேய்க்க வேண்டும். புதிய டிஸ்க்கின் மேலுள்ள எண்ணெயைப் பிரேக் கிளீனர் தெளித்துத் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெயும் டீசலும் பசை விட்டுச் செல்லும், அது பேட்டில் ஊறினால் பேட் கெட்டுவிடும். காலிப்பர் நகர்வதற்கு உதவும் வழுக்குக் கம்பிகள் கையால் தள்ளினால் நகர வேண்டும். அவற்றுக்குச் சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உறை உப்பிப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கென உள்ள சிலிக்கோன் கிரீஸையே போட வேண்டும். கம்பி ஒன்று இறுகியிருந்த வண்டியில் உட்புறப் பேட்டும் வெளிப்புறப் பேட்டும் ஏறுக்குமாறாகத் தேய்ந்திருக்கும். பழைய டிஸ்க் தேய்ந்ததன் காரணத்தை அந்தப் பேட்களே சொல்லிவிடும்.

வீல் நட்டுகளைக் கையால் ஓட்டிவிட்டு, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்கி, இறுதியில் டார்க் ரென்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்க வேண்டும். சிறிய கார்களில் அது பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல முறை மிதித்து, அது கெட்டியாகும்வரை காத்திருக்க வேண்டும். பேட் போடுவதற்காக உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன் திரும்ப வந்து பேட்டைத் தொடும்வரை பிரேக்கே இராது. ஒர்க்‌ஷாப் வாசலிலேயே சுவரில் மோதும் வண்டிகள் இதனால்தான் மோதுகின்றன.

புதிய டிஸ்க்கும் பேட்டும் ஒன்றுக்கொன்று பழகப் போக்குவரத்து இல்லாத அதிகாலையில், பின்னால் வண்டி எதுவும் வராத நேரத்தில், மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 கி.மீ. வரை மிதமாகப் பத்து முறை பிரேக் பிடித்து, ஒவ்வொரு முறைக்கும் நடுவே அரை கிலோமீட்டராவது ஓட்டிக் காற்றாட விடலாம். இதில் வண்டியை முழுவதும் நிறுத்திப் பெடலை மிதித்தபடியே இருப்பது கூடாது. சூடான பேட் நின்ற இடத்தில் தன் அச்சைப் பதித்துவிடும். பிறகு 200, 300 கி.மீ. ஓடும்வரை அவசியமின்றிக் கடுமையாகப் பிரேக் அடிக்காமல் இருந்தால் போதும். அத்தூரம் ஓடிய பின் வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை டார்க் ரென்ச்சால் சரிபார்த்து, மாற்றிய நாள், மீட்டர் காட்டும் கிலோமீட்டர், புதிய டிஸ்க்கின் கனம் ஆகிய மூன்றையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும்.

கழற்றிய பழைய டிஸ்க்குகளை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவராமல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போனவற்றின் முகத்தில் கிரைண்டரால் ஆழமாக ஒரு கீறல் போட்டுப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குக் கொடுத்துவிட்டால், அவை யாரோ ஒருவருடைய வண்டிக்கு மலிவு விலையில் மீண்டும் ஏறாமல் நேராக உலைக்குப் போகும்.